தேறிய செய்தி

நாகபுரியில் ஏழாம் வகுப்புப் பயிலும் கயல்விழி, ஒருநாள் மாலை பள்ளியிலிருந்து வீடு திரும்பினாள். பெற்றோர் பணியிலிருந்து இன்னும் வரவில்லை. பாட்டி மட்டுமே இருந்தார். அவ்வேளையில், சென்னையில் பொறியியல் பயின்றுவந்த அண்ணனிடமிருந்து வீட்டுக் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'பாஸ்ட் அவுட்' என்னும் இரண்டே சொற்கள்.

"என்னம்மா எழுதியிருக்கிறான்?" என்று பாட்டி ஆவலுடன் வினவினார்.

அத்தொடருக்கு மயக்கமுறுதல் என்று பொருள் உண்டென அன்று காலைதான் ஆங்கில வகுப்பில் கற்றிருந்தாள் கயல்விழி. "அண்ணன் மயங்கி விழுந்துவிட்டாராம், பாட்டி!" என்றாள். பாட்டியின் கைகள் நடுங்கின. மயங்கி விழுந்தவர் எவ்வாறு செய்தி அனுப்பினார் என்று எண்ணிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் வந்த தந்தை, செய்தியைப் படித்துச் சிரித்தார். "அம்மா, உங்கள் பேரன் பட்டப்படிப்பை முடித்துவிட்டான்" என்றார். பாட்டி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

தந்தை மகளுக்கு விளக்கினார். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுடன் ஒரு சிறுசொல் சேரும்பொழுது, இரண்டின் தனிப்பொருளையும் கடந்து புதுப்பொருள் பிறப்பதுண்டு. 'பாஸ் அவுட்' அத்தகையது. மயங்கி விழுதலையும், தாள்களைப் பலருக்கும் பகிர்ந்தளித்தலையும், படைப்பயிற்சியை நிறைவுசெய்தலையும் அது குறிக்கும். 1932இல் டேராடூனில் தொடங்கப்பட்ட இந்திய இராணுவ அகாதெமியில் பயிற்சி முடித்தோர் நடத்தும் அணிவகுப்புக்குப் 'பாசிங் அவுட் பரேட்' என்றே பெயர். கல்லூரிப் படிப்பை முடித்தலுக்கும் அதனை வழங்குவது இந்திய ஆங்கிலத்தின் வழக்கு. இங்கிலாந்தில் அவ்வாறு கூறினால், கேட்போர் கயல்விழியைப் போலவே எண்ணக்கூடும். ஒரு சொல்லின் பொருளை அறிய, அதனை யார், எவ்விடத்தில், எதைக் குறித்துக் கூறினார் என்பதையும் நோக்க வேண்டும்.

"தமிழில் 'தேறிவிட்டேன்' என்று எழுதியிருந்தால் இந்தக் கலக்கம் நேர்ந்திராதே" என்றார் பாட்டி.

"தேறுதல் என்றால் தேர்வில் வெற்றி பெறுதல்தானே, பாட்டி?"

"அது மட்டுமா? நோயுற்ற உடலும் தேறும். துயருற்ற மனமும் தேறும். விளைந்த வயலில் பத்து மூட்டை நெல்லும் தேறும்."

கயல்விழி மகிழ்ச்சியுடன் அண்ணனுக்குத் தமிழில் மறுமொழி அனுப்பினாள்: "வாழ்த்துகள், அண்ணா! பாட்டி தேறிவிட்டார்."

மறுகணமே கைப்பேசி ஒலித்தது. "பாட்டியின் உடலுக்கு என்ன ஆயிற்று?" என்று பதறினான் அண்ணன்.

பயிற்சி: 'தேறு' என்னும் சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களில் அமைத்துத் தொடர்கள் எழுதுக.