பசறை அடுக்களையில் பல நாட்டுச் சுவைகள்

பதுளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரம் வளைந்தும் நெளிந்தும் சென்றால் பசறையை அடையலாம். ‘ஒன்பது சிகரங்கள்’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய நமுனுகுலை மலை, 2,036 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நின்று இவ்வட்டாரம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊவா மாகாணத்தின் எழிலைக் காண வருவோர் பெரும்பாலும் எல்ல என்னும் ஊரோடு திரும்பிவிடுகின்றனர். பசறையோ பேருந்து மாறும் இடமாக மட்டுமே பலருக்குத் தெரிந்திருக்கிறது. இங்கிருந்து ஒரு சாலை லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கும் மட்டக்களப்புக்கும் இறங்குகிறது. மற்றொன்று மொனராகலைக்குச் செல்கிறது. கீழே சமவெளியின் எருமைத் தயிர், பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் கித்துள் பாணி, நடுவே தேயிலைத் தோட்டங்கள். இத்தகைய சந்தியில் அமைந்த ஊரைக் கண்ணால் காண்பதோடு நின்றுவிடுதல் போதாது. அதன் அடுக்களைகளையும் அறிதல் வேண்டும்.

தோட்டத்து லயங்களில் அடுப்பு மூட்டப்படுவது பொழுது விடியுமுன்பே. பெரட்டுக்குச் செல்லுமுன் பெண்கள் சுட்டு எடுத்து வைப்பது தேங்காய் ரொட்டி. தொன்றுதொட்டு வந்த உணவு இது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்த மக்களுக்குக் கோதுமை அறிமுகமான தானியமன்று. கேழ்வரகும் கம்பும் சோளமும் உண்டு பழகியவர்கள் அவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அரிசி வழங்கப்பட்டது. அதன் விலையைக் கூலியிலிருந்து கழித்துக்கொள்வது வழக்கம். 1942 ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த இலங்கை திகைத்து நின்றது. பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா தோட்டங்களுக்குள் புகுந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு ‘அமெரிக்கன் மா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலையகத்திலோ அது ரொட்டியாகி வீட்டு உரிமை பெற்றுவிட்டது.

வேறு வழியின்றி ஏற்ற மாவை இப்பெண்கள் எவ்வாறு தமதாக்கிக் கொண்டார்கள் என்பதே நம் கவனத்துக்குரியது. 500 கிராம் மாவுக்கு அரைத் தேங்காயின் துருவல், உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து, இளஞ்சூடான நீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்கின்றனர். கோதுமையில் உள்ள பசைத்தன்மை இந்த ஓய்வில் இளகுவதால் மா தட்டுவதற்கு இணங்கிக் கொடுக்கிறது. தேங்காய்த் துருவலுக்கும் ஒரு வேலை உண்டு. அதிலுள்ள எண்ணெய் பசையை இறுகவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் காலையில் சுட்ட ரொட்டி, நண்பகலில் மலைமேல் ஆறிப்போன நிலையிலும் பல்லுக்கு மெதுவாக இருக்கிறது. தேங்காயைக் குறைத்தால் ரொட்டி தோலாகிவிடும். தேங்காயோ பெரும்பாலும் கீழ்நாட்டிலிருந்து வர வேண்டியது. விலை ஏறும்போது முதலில் குறைவது அதுதான். தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கிடைத்தால் சிறிது மாசி, அம்மியில் வைத்து நறுக்கென்று இடித்துத் தேசிக்காய் பிழிந்தது. பக்கத்தில் சாயத் தண்ணீர். உலகம் விரும்பிப் பருகும் தேயிலையைக் கொய்வோர் தாம் பருகுவது பாலில்லாத தேநீரே.

இவ்வுணவை இழிவாக எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் மறையவில்லை. விருந்தினர் வந்தால் ரொட்டியை மறைத்துவிட்டுக் கடைப் பாண் வாங்கி வரச் செய்யும் வீடுகள் உண்டு. ஆனால் எல்லயில் உள்ள விடுதிகளில் வெளிநாட்டார் அதே ரொட்டியையும் சம்பலையும் விலை கொடுத்துக் கேட்டு உண்கின்றனர்! 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், மாவும் அரிசியும் சுருங்கியபோது தோட்டங்களில் பசியால் மடிந்தவர்கள் பலர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மாவின் விலை பன்மடங்கு உயர்ந்தபோதும், பாதிப்பு முதலில் தெரிந்தது ரொட்டிக்கல்லின் மேல்தான். ஒரு சமூகத்தின் வரலாற்றை ஏடுகளில் தேடும் மாணவர், வீட்டு மாப்பானையையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இனி இனிப்புக்கு வருவோம். மட்டக்களப்புப் பக்கத்து எருமைத் தயிரை மண்சட்டியோடு வாங்கி, அதன்மேல் கித்துள் பாணியை ஊற்றி உண்பதற்கு ஈடான எளிய இனிப்பு வேறில்லை என்பது நம் துணிபு. கித்துள் மரத்தின் பாளையைச் சீவிப் பதநீர் எடுத்து, அது புளிக்காதிருக்கச் சில மரப்பட்டைகளைக் கலயத்தில் இட்டுக் காய்ச்சுகின்றனர். பனம் பதநீருக்குச் சுண்ணாம்பு இடும் யாழ்ப்பாணத்தார்க்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். காய்ச்சும்போது பாதியில் நிறுத்தினால் பாணி. மேலும் இறுக்கினால் கருப்பட்டி. சீனிப் பாகு கலந்த பாணி கடைகளில் மலிந்துவிட்டது. தெரிந்தவரிடம் வாங்குவதே நன்று.

இக்கருப்பட்டியே வட்டிலப்பத்துக்கும் உயிர். ‘வட்டில்’, ‘அப்பம்’ எனத் தமிழாகப் பிரித்துப் பொருள் கூறுவதுண்டு; பண்டமோ மலாயரோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுகிறது. 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரரையும் நாடு கடத்தப்பட்ட பிரபுக்களையும் இங்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் மலாயர் தனிப்படையில் பணிபுரிந்தனர். 1873 இல் அப்படை கலைக்கப்பட்டபின் பலர் பொலிஸ் சேவையிலும் தோட்டங்களிலும் வேலை தேடிக்கொண்டனர். சம்பல், அச்சாறு, தொதல் ஆகிய சொற்களை இலங்கையர் நாவில் நிலைபெறச் செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்நாளில் உணவகப் பலகைகளில் காணும் ‘நாசி கொரெங்’ என்பதும் அம்மொழியில் பொரித்த சோறு என்பதன்றி வேறில்லை. பெயரைக் கேட்டு மயங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கலாம்.

வட்டிலப்பம் செய்ய 250 கிராம் கித்துள் கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, நன்கு ஆறவைக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் முட்டை திரைந்துபோகும். ஐந்து முட்டைகளை நுரை எழாதவாறு மெல்லக் கலக்கி, ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலும் கருப்பட்டிக் கரைசலும் சேர்த்து, மீண்டும் ஒருமுறை வடிகட்டி, ஏலக்காய்ப் பொடியும் துருவிய சாதிக்காய் ஒரு சிட்டிகையும் இடுக. மேலே நீர்த்துளி விழாமல் மூடி, மெல்லிய ஆவியில் 40 நிமிடம் அளவில் வேகவைத்தால் போதும். ஆவி மிகுந்தால் முட்டை இறுகி நீரைக் கக்கி, உள்ளே துளைகள் விழும். அத்துளைகளில் பாகு தேங்கி நிற்பதையே விரும்புவோரும் உளர். அவர்களோடு நாம் வழக்காட வேண்டியதில்லை. சாதிக்காயை மட்டும் விட்டுவிடலாகாது. ஒரு காலத்தில் ஒல்லாந்தரைக் கீழைக்கடல் தீவுகளுக்கு இழுத்துச் சென்ற அந்தச் சரக்கு இல்லாவிட்டால் முட்டை வாடை தலைதூக்கும்.

முட்டை உண்ணாத வீடுகளும் விரத நாட்களும் நம்மிடையே மிகுதி. அவர்களுக்கு முஸ்லிம் அயலார் நோன்புக் காலத்தில் செய்யும் கடற்பாசி கைகொடுக்கும். 10 கிராம் கடற்பாசியைக் கழுவி ஊறவைத்து, அரை லீற்றர் நீரில் முற்றும் கரையும்வரை கொதிக்கவிட்டு, கருப்பட்டிக் கரைசலையும் தேங்காய்ப்பாலையும் கூட்டி மொத்தம் ஒரு லீற்றர் ஆக்குக. தேங்காய்ப்பால் சேர்த்தபின் கொதி வரலாகாது. வந்தால் பால் பிரிந்துவிடும். ஏலக்காய் தூவித் தட்டில் ஊற்றிவிட்டால் உறைந்து நிற்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து அறைக்கும் இது ஏற்றது. பசறையின் மாலைக் குளிரில் விளக்கேற்றுவதற்குள் துண்டு போடும் பதம் வந்துவிடுகிறது.