வரி இல்லாமல் வந்த இயந்திரம்

"லைசென்ஸ் எத்தனை நாள்ல வருமுங்க?"

திருப்பூரில் வெளிநாட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிய எவரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். காகிதங்கள் சரியாக இருந்தால் அதிக நாள் ஆகாது. எல்லாம் இப்போது இணையத்தில்தான். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) கோவை அலுவலக வராந்தாவில் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்த காலம் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. "போன மூணு வருஷ ஏற்றுமதி எவ்வளவு, ஆடிட்டர்கிட்ட வாங்கிட்டு வாங்க" என்பேன். பலருக்கு முகம் சுருங்கும். வரிச்சலுகை கேட்டு வந்தவரிடம் கடன் கொடுப்பவன் போலப் பேசுகிறானே என்று தோன்றுமோ என்னவோ. தோன்றினால் நல்லதுதான்.

நான் எடுத்துத்தருவது இ.பி.சி.ஜி. லைசென்ஸ். ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க இயந்திரம் இறக்குமதி செய்பவருக்கு வரிச்சலுகை தரும் இந்தத் திட்டம் 1990இல் வந்தது. அப்போது இயந்திரத்துக்கு முழு விலக்கு கிடையாது. குறைந்த வரி உண்டு, அவ்வளவுதான். படிப்படியாக அது இறங்கி 5 சதவீதம், 3 சதவீதம் என்றாகி, 2013இல் 3 சதவீதத் திட்டமும் வரியில்லாத் திட்டமும் ஒன்றாக்கப்பட்டன. இன்று நடப்பில் இருக்கும் 2023ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி சுங்க வரி பூஜ்யம். அதற்கு ஈடாக, மிச்சப்பட்ட வரியைப்போல 6 மடங்கு மதிப்புக்கு 6 ஆண்டுக்குள் ஏற்றுமதி செய்தாக வேண்டும். அதில் பாதியை முதல் 4 ஆண்டுக்குள் காட்ட வேண்டும். பழைய இயந்திரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கோடி ரூபாய் மதிப்புள்ள இயந்திரம், அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 7.5 லட்சம். அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 75 ஆயிரம். இவை சேர்ந்த மொத்த மதிப்பின்மேல் ஒருங்கிணைந்த சரக்கு-சேவை வரி (ஐ.ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், 19,48,500. ஆக மிச்சம் 27,73,500 ரூபாய். அதன் 6 மடங்கு, 1,66,41,000. இதுதான் ஏற்றுமதிக் கடமை.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைக் காட்டுவது என் வழக்கம். ஐ.ஜி.எஸ்.டி.யைக் கட்டியிருந்தாலும் அது உள்ளீட்டு வரவாகத் திரும்பிவரக்கூடிய பணம். முடங்கிக் கிடக்கும், வட்டி தின்னும், ஆனால் தொலைந்துபோகாது. நிஜமாகவே கையை விட்டுப் போகாமல் மிஞ்சியது சுங்க வரியும் கூடுதல் வரியும் சேர்ந்த எட்டேகால் லட்சம்தான். ஏற்றுமதிக் கடமையோ 27 லட்சத்து 73 ஆயிரத்து ஐந்நூறுக்குப் போடப்படுகிறது. ஐ.ஜி.எஸ்.டி.யை ரொக்கமாகக் கட்டிவிட்டால் கடமைக் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள் என்று விதி உண்டு. கூடவே உள்ளீட்டு வரவு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொள்ளும் இந்த வழியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"வருஷத்துக்கு 30 கோடி பண்றோம் சார். 1.66 கோடிங்கிறது ஒரு மாச ஷிப்மென்ட்டுக்குக்கூட வராதுங்களே!"

"அந்த 30 கோடி கணக்குல வராதுங்கண்ணா. அதுக்கு மேல பண்ணோணும்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் என் தொழில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கும் ஆண்டுக்கு முந்தைய 3 ஆண்டுகளின் ஏற்றுமதிச் சராசரியை எடுப்பார்கள். கடமை முடியும்வரை மொத்தத்தில் அந்தச் சராசரி குறையாமல் இருக்க வேண்டும். 6 மடங்குக் கடமை அதற்கு மேலே. 30 கோடி சராசரி உள்ள கம்பெனிக்கு உண்மையான சுமை 1.66 கோடி அல்ல, கீழே இறங்காத 30 கோடி. ஒரு பெரிய பையர் கைவிட்டு ஆண்டு ஏற்றுமதி 22 கோடிக்கு விழுந்து மீளாவிட்டால், இயந்திரம் இரவு பகலாக ஓடினாலும் லைசென்ஸ் கணக்கில் தோல்விதான். நாடு முழுக்க அந்தச் சரக்கின் ஏற்றுமதி 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அந்த ஆண்டின் சராசரியை அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள இடமுண்டு. ஊர் முழுக்க விழுந்தால் மன்னிப்பு, நீங்கள் மட்டும் விழுந்தால் இல்லை.

சராசரிக் கட்டாயமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கைத்தறி, கைவினை, வேளாண்மை, தென்னைநார், சணல் போன்றவற்றுக்கு அது கிடையாது. பொள்ளாச்சியில் தென்னைநார் ஏற்றுமதி செய்பவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பனியன் கம்பெனிக்காரர் வந்தால் காபி இரண்டு முறை வரும்.

திருப்பூருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் வேறொரு இடம். எல்லாம் ஜாப் ஒர்க். துணியைத் தைத்துக் கப்பலேற்றும் கம்பெனியின் பெயரில்தான் ஏற்றுமதி பதிவாகிறது. ஆனால் வட்டப் பின்னல் இயந்திரத்தையும் ஸ்டென்டரையும் வாங்குபவர் பெரும்பாலும் ஜாப் ஒர்க்காரர். அவர் பெயரில் ஏற்றுமதிக்கான ஒரு ஷிப்பிங் பில்கூட இருக்காது. அவருக்கு நேரடியாக லைசென்ஸ் எடுத்தால் கடமையை யார் தீர்ப்பது? ஏற்றுமதியாளர் பெயரில் எடுத்து, இயந்திரம் நிறுவப்படும் ஜாப் ஒர்க் யூனிட்டின் பெயரைத் துணை உற்பத்தியாளராக அதில் எழுதிவைக்க வழி இருக்கிறது. காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. ஆறு வருஷத்துக்கு இரண்டு குடும்பங்கள் மனஸ்தாபம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. மாமன் மச்சான் என்றாலும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சொல்வேன். கடமையை முடிப்பேன் என்று சுங்கத்தில் பாண்ட் எழுதிக்கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். இயந்திரம் யார் கொட்டகையில் இருக்கிறது என்பது அங்கே எடுபடாது.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐ.இ.சி. எண், ஏற்றுமதி வளர்ச்சிக் கழகத்தின் பதிவுச் சான்று (பின்னலாடைக்கு ஏ.இ.பி.சி.), ஆடிட்டரின் சராசரிச் சான்று, சார்ட்டர்ட் இன்ஜினியரின் சான்று. இவை எல்லோரிடமும் இருக்கும். சிக்குவது முகவரியில். புது இயந்திரத்துக்குப் புதுக் கொட்டகை போட்டிருப்பார்கள். பல்லடம் ரோட்டிலோ பெருமாநல்லூரிலோ. அந்த முகவரி ஐ.இ.சி.யிலும் இருக்காது, கழகச் சான்றிலும் இருக்காது. கன்டெய்னர் தூத்துக்குடிக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால், திருத்தம் முடியும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்ஜினியர் சான்றைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். இந்த இயந்திரம் இந்த ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க எந்தக் கட்டத்தில், எப்படிப் பயன்படும் என்று அவர் எழுதித்தர வேண்டும். அதில் 'பருத்திப் பின்னலாடை' என்று எழுதிவிட்டால் அதுதான் லைசென்சில் ஏறும். இன்று ஊரே பாலியஸ்டர் விளையாட்டு உடை பக்கம் நகர்கிறது. மூன்றாம் ஆண்டில் ஆர்டர் முழுக்க பாலியஸ்டராகிவிட்டால், அனுப்பிய சரக்கு ஒன்று, வாக்குக் கொடுத்த சரக்கு ஒன்று. திருத்தம் வாங்கலாம்தான். ஆனால் முதல் நாளே இரண்டையும் தாங்குகிற மாதிரி எழுத இயந்திரம் இடம் கொடுக்கிறதா என்று கேட்க அரை மணி நேரம் போதும். நான் ஒரு வாக்கியத்துக்கு இன்ஜினியரோடு மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

இயந்திரம் வந்து இறங்கிய பிறகு நிறுவல் சான்று. இன்ஜினியர் கொட்டகைக்கு வருவார். நானும் டார்ச்சோடு கூடப் போவேன், ஏனென்றால் வரிசை எண் பொறித்த தகடு எப்போதும் இயந்திரத்தின் பின்பக்கம், சுவரை ஒட்டி, கிரீஸ் படிந்து கிடக்கும். துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து இன்வாய்ஸோடு ஒப்பிட வேண்டும். ஜீரோவா, ஓ என்ற எழுத்தா? தயாரிப்பாளர் பேக்கிங் லிஸ்டில் ஒன்றும் தகட்டில் ஒன்றும் இருந்தால் அன்றைக்கே அவர்களுக்கு மெயில் போட்டுத் திருத்தக் கடிதம் வாங்கிவிட வேண்டும். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் அந்த ஏஜென்ட் வேறு பிராண்டுக்கு மாறியிருப்பார். கடமை முடியும்வரை இயந்திரத்தை விற்கவும் கூடாது, வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. தன்னுடைய இன்னொரு யூனிட்டுக்கு மாற்றினாலும் அந்த முகவரி பதிவில் இருந்தாக வேண்டும். புதிதாகச் சான்றும் கொடுக்க வேண்டும். தகட்டைப் போட்டோ எடுத்துக் கோப்பில் ஒட்டுவது விதியில் இல்லை, என் பழக்கம்.

இதற்கப்புறம் ஆறு வருஷம் ஷிப்பிங் பில்கள். ஒவ்வொன்றிலும் லைசென்ஸ் எண் ஏற வேண்டும். அதைப் பதிவது கம்பெனி முதலாளி அல்ல, தூத்துக்குடியிலோ சென்னையிலோ கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணினி முன்னால் இருக்கிற ஒரு பையன். ஆர்டர் அவசரம், கட்-ஆஃப் நேரம் நெருங்குகிறது, எண்ணை விட்டுவிட்டு அனுப்பிவிடுவான். சரக்கு போய்விடும், பணமும் வந்துவிடும், லைசென்ஸ் கணக்கில் மட்டும் அது ஏறாது. மாதம் ஒருமுறை ஷிப்பிங் பில்லையும் பணம் வந்ததற்கு வங்கி தரும் பி.ஆர்.சி. சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் கம்பெனிகளில் இந்தப் பிரச்சினை வருவதில்லை. அங்கெல்லாம் பெரும்பாலும் கணக்குப் பிரிவில் பொறுப்பான ஒரு அக்கா இருப்பார். சீக்கிரம் முடிப்பவருக்குப் பரிசும் உண்டு: சராசரியை முழுக்கக் காப்பாற்றி, கடமையில் 75 சதவீதத்தைப் பாதிக் காலத்துக்குள் செய்துவிட்டால் மீதி தள்ளுபடி.

ஏற்றுமதியே செய்யாத உற்பத்தியாளருக்கு வேறு வாசல். குறிப்பிட்ட பொருளைத் தயாரிக்கவென்று இறக்குமதி செய்யும் உதிரிபாகத்துக்கும் மூலப்பொருளுக்கும் சுங்க அறிவிக்கைகளில் குறைந்த வரி இருக்கும். அதைப் பெற டி.ஜி.எஃப்.டி.யிடம் போக வேண்டியதில்லை. சுங்கத்துறையிடமே தெரிவிக்க வேண்டும். 1996 விதிகளின்படி கலால் அலுவலகத்தில் சான்று வாங்கித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 2017இல் விதிகள் புதிதாக எழுதப்பட்டன. 2022இல் எல்லாம் இணையத்துக்கு வந்தது. இப்போது சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஒருமுறை தெரிவித்தால் ஓர் அடையாள எண் தருகிறார்கள். தொடர்ந்து நடப்பில் இருக்கும் ஒரு பாண்ட் போட்டுவிட்டு, இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டியதுதான். பொருளைப் பயன்படுத்த இருந்த 6 மாதக் கெடு 2025 பட்ஜெட்டில் ஓராண்டானது, மாதாந்திர அறிக்கை காலாண்டு அறிக்கையானது. பதிவு அரை நாள் வேலை. வந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஸ்டோர் புத்தகம் சொல்வதும் அறிக்கை சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் வேலை. ஸ்டோர் கீப்பரை அறிமுகப்படுத்தாத கம்பெனிக்கு நான் இந்தப் பதிவைச் செய்துகொடுப்பதில்லை.

மறுபடி இ.பி.சி.ஜி.க்கு வருகிறேன். கடமையை முடிக்காமல் விட்ட லைசென்ஸ்கள் எத்தனை என்பது 2023இல் மத்திய அரசு ஒருமுறைத் தீர்வுத் திட்டம் அறிவித்தபோது ஓரளவு தெரிந்தது. விலக்குப் பெற்ற வரியையும், அதே அளவைத் தாண்டாத வட்டியையும் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். இறந்துபோன அப்பா எடுத்த லைசென்ஸ், எடைக்குப் போட்டுவிட்ட இயந்திரம், கரையான் அரித்த பில் ஆஃப் என்ட்ரி என்று அந்த மாதங்களில் என் மேசைக்கு வந்தவர்களில் ஏமாற்ற நினைத்தவர் ஒருவரும் இல்லை. ஏற்றுமதியை நிஜமாகவே செய்து, எண் போடாமல் விட்டவர்களே அதிகம். அவர்களுக்குத் தீர்வுத் திட்டத்தைவிடப் பழைய ஷிப்பிங் பில்களைத் தேடி எடுப்பது லாபம் என்று சொல்லி, பாதிப் பேரைப் பரணுக்கு அனுப்பினேன்.

கடமை முடிந்தது என்ற சான்று கிடைத்ததும் இனிப்பு கொண்டுவருவார்கள். வாங்கிக்கொண்டு, "பாண்ட் கேன்சல் ஆச்சுங்களா?" என்று கேட்பேன். டி.ஜி.எஃப்.டி. சான்று கொடுத்தாலும் சுங்க அலுவலகத்தில் போட்ட பாண்ட் தானாக ரத்தாவதில்லை. சான்றைக் காட்டித் தனியாக விண்ணப்பித்து, வங்கி உத்தரவாதம் கொடுத்திருந்தால் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி வங்கியில் ஒப்படைக்க வேண்டும். அதுவரை வங்கிக்காரர்கள் கமிஷனைக் கணக்கில் கழித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.