முட்டை எடை குறையணும்

குஞ்சு பொரிக்கிற பெட்டி வாங்குறவங்க முதல்ல கேக்குறது சூட்டைப் பத்தித்தான். எத்தனை டிகிரி வெக்கணும், கரண்டு போனா என்ன பண்றது, இதுதான் கேள்வி. என்னைக் கேட்டா சூடு சுலபம். உள்ளே ஃபேன் ஓடுற பெட்டின்னா 37.5 டிகிரி. தெர்மோஸ்டாட்டுல அதைப் போட்டுட்டா அது பாத்துக்கும். 21 நாள் காத்திருந்து, கடைசியில ஓட்டுக்குள்ளயே முழுசா வளர்ந்த குஞ்சு செத்துக் கிடக்குது பாருங்க, அங்கதான் பல தடவை ஈரப்பதம் விளையாடியிருக்கும்.

ஈரப்பதம்னதும் நிறையப் பேர் முட்டைக்குத் தண்ணி ஊட்டுற மாதிரி நெனைச்சுக்கிறாங்க. விஷயம் அதுக்கு நேர் எதிர். முட்டையிலிருந்து தண்ணி வெளியே போகணும். ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்குல இருக்கு. அது வழியா ஈரம் வெளியே போகப் போக, முட்டையோட அகலமான பக்கத்துல காத்து அறை பெருசாகும். 19, 20ஆம் நாள் வாக்குல குஞ்சு அந்த அறைக்குள்ள மூக்கை நீட்டி, நுரையீரலால முதல் மூச்சை இழுக்கும். அதுக்கப்புறம்தான் ஓட்டைக் கொத்தும்.

பெட்டிக்குள்ள ஈரம் ரொம்ப அதிகமா இருந்தா இந்த அறை சின்னதாவே நின்னுடும். குஞ்சு ஊதிப் பெருத்து, திரும்ப இடமில்லாம, மூச்சு இழுக்கிற நேரத்துல திணறிப் போகும். ரொம்பக் காஞ்சு போனாலும் கஷ்டம்தான். உள்தோல் வெங்காயச் சருகு மாதிரி வறண்டு குஞ்சோட ஒட்டிக்கும், திரும்பவே முடியாது. அதனால பொதுவான கணக்கு: முதல் 18 நாள் 50லிருந்து 55 சதவீதம், கடைசி 3 நாள் 65லிருந்து 70.

இந்த எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தண்ணி வெச்சா சரிவராது. காத்தைச் சூடாக்கினா அதோட ஈரப்பதம் இறங்கும். வெளியே 25 டிகிரியில 80 சதவீதம் இருக்கிற காத்து, பெட்டிக்குள்ள 37.5 டிகிரிக்குப் போனதும் கிட்டத்தட்ட 40 ஆயிடும். எங்க தாராபுரம் பக்கம் சித்திரை மத்தியானத்துல வெளியவே 38 டிகிரி, ஈரம் 25ன்னு கிடக்கும். பெட்டிக்குள்ளயும் அதே 25தான். தண்ணித் தட்டு இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது. சென்னையில கடலுக்குப் பக்கத்துல 30 டிகிரி, 80 சதவீதம் இருக்கிற நாள்ல, தண்ணியே வெக்காம பெட்டிக்குள்ள 50க்கு மேல காட்டும். அங்க போய் ரெண்டு தட்டு தண்ணி வெச்சா முட்டை எப்படிக் காயும்?

தண்ணி வெக்கும்போது ஆழம் முக்கியமில்லை, பரப்புதான் முக்கியம். டம்ளர் நிறைய ஊத்துறதைவிட அகலமான தட்டுல அரை விரக்கடை ஊத்துறதுதான் ஈரத்தை ஏத்தும். ஈரம் பத்தலைன்னு காத்து போற ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க. குஞ்சுக்கு மூச்சு அதிகமா வேண்டியது கடைசி மூணு நாள்லதான்.

மீட்டரையும் அப்படியே நம்பிட முடியாது. ஒரு பாட்டில் மூடியில உப்பு எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டு தண்ணி விடுங்க. மீட்டரையும் மூடியையும் காத்துப் புகாத டப்பாவுல ஒரு ராத்திரி பூரா மூடி வைங்க. காலையில 75 காட்டணும். 68 காட்டினா, உங்க மீட்டர் 7 குறைச்சுக் காட்டுதுன்னு அர்த்தம்.

இதைவிடப் பெரிய சாட்சி தராசு. 18 நாள்ல முட்டை தன் எடையில 11லிருந்து 13 சதவீதம் இழக்கணும். நாட்டுக்கோழி முட்டை 10 சேர்ந்து 400 கிராம்னா, 18ஆம் நாள் 350 பக்கத்துல நிக்கணும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2.7 கிராம். வேகமாக் குறைஞ்சா தண்ணிப் பரப்பைக் கூட்டுங்க, மெதுவாக் குறைஞ்சா தட்டை எடுத்துடுங்க.

அவயத்துக்கு உக்காந்த கோழி (அடைக்கோழியை எங்க பக்கம் இப்படித்தான் சொல்வோம்) தராசு எதுவும் வெச்சுக்கிறதில்லை. அது உடம்புச் சூட்டுல காயவெச்சு, தீனிக்கு எந்திரிச்சுப் போகும்போது காத்தாட விட்டு, இந்த வேலையை முடிச்சுடும். ஆத்தா காலத்துல கூடையில மணல் போட்டு, மேல வைக்கோல் பரப்பி, இடிக்கு முட்டை கலங்கக் கூடாதுன்னு இரும்புத்துண்டும் கரித்துண்டும் வெப்பாங்க. கோடையா இருந்தா கூடைக்கடி மணல்ல தண்ணி தெளிப்பாங்க. ஐப்பசி மழையில தெளிக்க மாட்டாங்க. சதவீதம் தெரியாட்டியும் பருவம் தெரிஞ்சுது.

போன ஐப்பசியில பக்கத்துத் தோட்டத்து அத்தை மடி நிறைய முட்டையோட வந்தாங்க. "கண்ணு, அவயத்துல இருந்து தீனிக்கு எந்திரிச்ச கோழியைக் கீரி புடிச்சுருச்சு. இன்னைக்கோட பதினோரு நாளாச்சு. உன்ற டப்பாவுல வெச்சுப் பாரேன்"னாங்க. ஒன்பது முட்டை. அவங்க அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்த சிறுவிடை வம்சத்துல மிச்சமிருந்த கடைசிக் கோழி அது. முட்டையும் போனா வம்சமே போச்சு.

டார்ச் அடிச்சுப் பாத்தா ஒன்பதுலயும் ரத்த நரம்பு தெரிஞ்சுது, உசுரு இருந்துச்சு. ஆனா காத்து அறை பதினோரு நாளுக்கு உண்டான அளவுல இல்லை, சின்னதா இருந்துச்சு. ஒரு வாரமா அடைமழை. கூடை இருந்தது மாட்டுக்கொட்டாய் ஓரத்துல, சாரல் அடிக்கிற பக்கம். ஆரம்ப எடை தெரியாததால தராசும் உதவாது. அறையோட விளிம்பை முட்டை மேல பென்சிலால வரைஞ்சு, அன்னைக்கே தண்ணித் தட்டை வெளியே எடுத்துட்டேன். மீட்டர் 44 காட்டுச்சு. எழுதி வெச்ச கணக்குக்கு அது குறைவுதான், ஆனா இந்த முட்டைக்கு அதுதான் தேவை. மூணு நாளைக்கு ஒருக்கா புதுக் கோடு போட்டேன். கோடு கீழ இறங்கிக்கிட்டே வந்துச்சு. 18ஆம் நாள் ஒண்ணுல மட்டும் அசைவில்லை, அதை எடுத்தாச்சு. மீதி எட்டையும் திருப்புறதை நிறுத்தி, அகலத் தட்டுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, ஈரத்துணியும் போட்டு 68க்கு ஏத்தி மூடிட்டேன்.

20ஆம் நாள் சாயங்காலம் ஒரு முட்டையில சின்ன விரிசல். மறுநாள் விடிஞ்சும் அது அப்படியே இருந்துச்சு. அத்தை வெள்ளனே வந்து கண்ணாடி வழியாப் பாத்துட்டே நின்னாங்க.

"ராத்திரி பூரா அப்படியே கெடக்குதே கண்ணு. நகத்துல கொஞ்சம் பேத்து உட்டா வந்துராதா?"

"இல்லீங்க அத்தை, உள்தோல்ல இன்னும் ரத்தம் ஓடிட்டு இருக்கும்ங்க. பேத்தா அதுவே உசுருக்கு வந்துரும்."

"தாயில்லாத புள்ளைக, அதான் மனசு கேக்கலை"ன்னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க.

கொத்தின குஞ்சு சும்மா கிடக்கிற அந்த 12லிருந்து 24 மணி நேரத்துலதான் மிச்ச மஞ்சக்கரு வயித்துக்குள்ள போகும், உள்தோல் நரம்புல ரத்தம் வத்தும். நாம மூடியைத் தொறந்தா ஏத்தி வெச்ச ஈரமெல்லாம் ஒரே மூச்சுல வெளியே போயிடும். அதோட உள்தோல் காஞ்சு, கொத்தத் தொடங்கின மத்த குஞ்சுகளும் மாட்டிக்கும். பொரிஞ்ச குஞ்சு பசியால செத்துடுமோன்னு பயப்பட வேண்டாம். மஞ்சக்கரு உள்ளே இருக்கிறதால ரெண்டு நாள் தீனி தண்ணி இல்லாம தாங்கும்.

பதினோரு மணி வாக்குல அந்த முட்டை சுத்திவரப் பிளந்து குஞ்சு வெளியே விழுந்துச்சு. அடுத்த நாள் காலைக்குள்ள ஏழு. எட்டாவதுல கொத்தல் இல்லை. ஒரு நாள் பொறுத்து உடைச்சுப் பாத்தா, முழு வளர்த்தி, உடம்பெல்லாம் நீர் கோத்து நனைஞ்சு கிடந்துச்சு. அந்த ஒண்ணு போதுமான அளவு காயலை.

ஏழையும் அட்டைப்பெட்டியில பல்பு போட்டு அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாங்க. அதுல நாலு பெட்டை. இப்ப ரெண்டு முட்டை வெக்குது. அடுத்த அவயத்துக்குக் கூடையை எங்க வெக்கப் போறாங்கன்னு கேட்டேன். "சாரல் அடிக்காத பக்கமா உள்திண்ணையில வெக்கறேன் கண்ணு, மேல வலையும் கட்டிப் போடறேன்"னாங்க.

நகரத்துல மாடியில நாலு கோழி வளர்க்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பெட்டிக்குச் செலவு பண்ணுறப்போ சமையலறைத் தராசு ஒண்ணும் சேத்து வாங்குங்க. முதல் நாளே முட்டையை நிறுத்து, எடையைப் பென்சிலால ஓட்டு மேலயே எழுதிடுங்க.