எங்கள் தெருவின் ஹெரால்டு கார்

 

போன மாதம் நான் போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், முதலை மாதிரி வாயைப் பிளந்துகிட்டு நிக்குதே, அது யாரு காரு?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல். பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவர்களுடையது. அந்த வீட்டு நடுப்பிள்ளை ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். "பேரு போடாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டான். கூடப் படித்தவர்களுக்குத் தெரியும், கமெண்டில் போட்டு உடைத்துவிடாதீர்கள். அன்னங்கோயிலில் படகு எஞ்சின் வேலை பார்க்கிறான். பகலெல்லாம் டீசல் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து இந்தப் பெட்ரோல் காரோடு உட்காருவான். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது.

இளையவர்களுக்காக ஒரு விஷயம். எங்கள் காலத்தில் கார் என்றால் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றுதான். அம்பாசிடர் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்தது. ஃபியட் பம்பாயில் செய்தது. ஹெரால்டுதான் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் 1961-லிருந்து செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரயம்ப் ஹெரால்டுதான் மூலம். அதை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 948 சி.சி. எஞ்சின், அவ்வளவுதான். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். எங்கள் சந்துக்கு அதுதான் சரி. அம்பாசிடர் உள்ளே வந்தால் பின்னாலேயேதான் போகவேண்டும்.

படத்தில் முதலை வாய் மாதிரித் தெரிந்தது அதன் முன்பக்கம். பானட் மட்டுமல்ல, இரண்டு பக்க மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சின் வேலை செய்ய முன் சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். உடம்பு முழுவதும் தனித்தனித் துண்டு. கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். வீட்டுக் கொட்டகையில் ஒற்றை ஆள் பிரித்துப் பூட்டலாம் என்று அவன் துணிந்ததற்கு இதுதான் காரணம்.

இவனுடைய வாப்பா சிங்கப்பூரில் கடையில் இருந்தவர். ஊரோடு வந்துவிட்ட பிறகு, எழுபதுகளின் கடைசியில், இரண்டாம் கையாக இதை வாங்கினார். தெருவுக்கே அது ஒரே கார். ராத்திரி யாருக்கு வலி வந்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். மனிதர் கைலியோடு வந்து வண்டியை எடுப்பார். பு.முட்லூர் வழியாக, வெள்ளாற்றுப் பாலம் தாண்டிச் சிதம்பரம் ஆஸ்பத்திரி. பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கமாட்டார். என் மூத்தவள் பிறந்ததும் அப்படிப் போய்த்தான். இதைப் படிக்கும் உங்களில் நாலைந்து பேராவது அம்மா வயிற்றில் இருக்கும்போது அந்தப் பின்சீட்டில் பயணம் செய்தவர்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் கேட்டுப்பாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரர்கள் எண்பதுகளில் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். அது விற்கவில்லை, கம்பெனியும் படுத்துவிட்டது. அப்புறம் யாரிடம் போய்ப் பாகம் கேட்பது? வாப்பா காரைக் கொட்டகையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். அவரும் போய்ச் சேர்ந்தார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததில் கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. தார்ப்பாயும் கிழிந்து கார் திறந்தவெளியில் கிடந்தது.

நம்ம ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாலும் உரிந்துவரும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளாற்று முகத்துவாரம். 1830-ல் ஜோசையா ஹீத் என்ற வெள்ளைக்காரர், சேலம் பக்கத்து இரும்புத் தாதையும் மரக்கரியையும் கொண்டு இதே ஊரில்தான் இரும்பு உருக்காலை வைத்தார். இந்தியாவின் முதல் நவீன இரும்பாலைகளில் ஒன்று என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? இரும்பு உருக்கிய ஊரில் ஒரு இரும்பும் தங்கமாட்டேன் என்கிறது!

தார்ப்பாயை எடுத்தபோது எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் ஓட்டைகளில் டீசலை ஊற்றி மூன்று வாரம் ஊறவிட்டான். தினமும் சாயங்காலம் வந்து பானாவைப் போட்டுக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பான். இருபத்திரண்டாம் நாள் ஒரு நூல் அளவு அசைந்தது. அன்று அவன் உம்மா தெருவுக்கெல்லாம் பாயசம் கொடுத்தார்கள். துருப்பிடித்த சின்னச் சாமான்களைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜரில் கரண்ட் கொடுத்துத் துருவைப் பிரித்தான். அவன் செய்தபோது தெருப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மின்னாற்பகுப்பைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் இப்படி மண்டையில் ஏறாது. ஆனால் அதிலிருந்து வருவது ஹைட்ரஜன். திறந்த இடத்தில், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் செய்யலாம்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், கையேட்டில். ஒரு நண்பர் மூலம் ஹேன்ஸ் என்ற ஆங்கில ரிப்பேர்ப் புத்தகம் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. "டீச்சர், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று தூக்கிக்கொண்டு வந்தான். நானோ இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள், எனக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கழற்றுவதைப் படம் படமாகப் போட்டு விளக்குவார்கள். திரும்ப மாட்டுவதற்கு, அதையே தலைகீழாகச் செய் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குக் கோபமே வந்தது.

ஆனால் அந்தப் புத்தகங்களைத் தொடங்கிய ஜான் ஹேன்ஸ் கதை பிடித்திருந்தது. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, ரக்பி விளையாட்டிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு, ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பந்தயக் கார் மாதிரி மாற்றியிருக்கிறான். எப்படிச் செய்தேன் என்று அவன் எழுதிய சிறு புத்தகத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. விளையாட்டு வேண்டாம் என்ற பையனை அடிக்காமல் அனுப்பிய அந்த வாத்தியாருக்கு ஒரு கும்பிடு.

கையேட்டால் ஒரு பெரிய ஆபத்தும் விலகியது. முன்சக்கரம் திரும்பும் மூட்டில் ட்ரன்னியன் என்று ஒன்று இருக்கிறது. நம்ம மெக்கானிக்குகள் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் அடித்துவிடுவார்கள். ஹெரால்டில் அங்கே கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விடவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தேய்ந்து ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கிவிடும். அதைப் படித்துச் சொன்னதும் அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. "வாப்பா காலத்துல பூரா கிரீஸ்தான் டீச்சர் அடிச்சோம்" என்றான். அந்தக் காரில் எத்தனை கர்ப்பிணிகள் போயிருக்கிறோம்!

அவன் அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு வேறு ஆசை. "சித்தப்பா, மாருதி எஞ்சினைப் போட்டு, ஏ.சி. வெச்சு, கீழ இறக்கிடலாம்" என்று ஒரே நச்சரிப்பு. அமெரிக்காவில் இதற்கு ஹாட் ராட் என்று பெயர். 1932 மாடல் ஃபோர்டு மாதிரிப் பழைய கார்களின் தேவையில்லாத தகரத்தைக் கழற்றி எறிந்து, எஞ்சினை முடுக்கி, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டார்கள். காசில்லாத பையன்கள் சொந்தக் கையால் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதைதான். நம்ம ஊரிலும் உண்டே, சென்னையில் ஓடும் மீன்பாடி வண்டி! மூன்று சக்கரத்து வண்டியில் பழைய பைக் எஞ்சினைப் பூட்டிப் பறப்பார்கள். அதுவும் ஹாட் ராட்தான், என்ன, மீன் வாசனை அடிக்கும்.

ஆனால் சட்டம் ஒத்துக்கொள்ளாது. கம்பெனி செய்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021-ல் பழங்கால வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் அசல் வடிவத்தில் இருக்கவேண்டும். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாயும் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு புது எண்ணும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இதற்கெல்லாம் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. மருமகப் பிள்ளைகளோடு சிதம்பரத்துக்குக் கடைக்குப் போகலாம் என்றால் நடக்காது.

வாப்பாவின் நம்பர் நிலைக்கும் என்றதும் இவன் அதிலேயே நின்றுவிட்டான். தென்னார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்து எண் அது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆர்.சி. இன்னும் வாப்பா பெயரில் இருக்கிறது. வாரிசு மூன்று பேர். அண்ணன் சிங்கப்பூரில், தங்கை கடலூரில். எஞ்சின் ஓட ஆரம்பித்த செய்தி பரவியதும் சென்னையிலிருந்து ஒரு பழைய கார்ப் பிரியர் வந்து நல்ல விலை சொன்னார். தங்கை விற்கச் சொன்னாள். அவள் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். "என் உழைப்புல ஓடுற காரு" என்றான் இவன். "வாப்பா காரு" என்றாள் அவள். இரண்டு பெருநாள் பேச்சுவார்த்தை இல்லை. உம்மா என்னிடம் வந்து அழுதார்கள்.

மூவரும் என்னிடம் படித்தவர்கள். அதனால் கூப்பிட்டுப் பேசும் உரிமை எனக்கு இருந்தது. எல்லாரும் நான் இவன் பக்கம் பேசுவேன் என்று நினைத்தார்கள். நான் தங்கை பக்கம்தான் பேசினேன். வாப்பாவின் ஞாபகம் என்றால் அதில் அவளுக்கும் பங்கு உண்டு. ராத்திரி வண்டி கிளம்பும்போது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சந்து முனைவரை ஓடிய பிள்ளை அவள். ஆறு வருஷம் இவன் போட்ட உழைப்பும் செலவும் ஒரு கணக்கு, வாப்பா விட்டுப்போன கார் இன்னொரு கணக்கு. இரண்டையும் தனியாக எழுதச் சொன்னேன். அந்தச் சென்னைக்காரர் சொன்ன விலையில் செலவைக் கழித்து, மீதியில் அவள் பங்கை இவன் தவணையாகக் கொடுப்பது என்று முடிந்தது. முதல் தவணை கட்டணத்துக்கே போய்விட்டது. ரமலானுக்கு வந்த அண்ணன் தன் பங்கு வேண்டாமென்று கையெழுத்துப் போட்டார். தங்கை கடைசியாகப் போட்டாள். கார் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அண்ணனிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

இனிமேல்தான் உங்கள் உதவி. வண்டி இப்போது முழுசாக நிற்கிறது, ஒரு இடத்தைத் தவிர. பின்பக்க இடது கதவு. அடிப்பகுதி சட்டத்தோடு உதிர்ந்துவிட்டது. டிங்கர் வேலைக்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையை விரித்தார். ட்ரயம்ப் காருக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் பாகங்கள் கிடைக்கின்றன, பிரியர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ட்ரன்னியன்கூட அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அங்கே ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நான்கு கதவு வைத்த மார்க் 3 நம்ம நாட்டில் மட்டும்தான் செய்தார்கள். அதனால் பின்கதவு இங்கேதான் எங்காவது கிடக்கவேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் மூன்று முறை தேடிவிட்டான். கதவு இல்லாமல் பதிவுக்குக் காட்ட முடியாது.

உங்கள் ஊரில் தோப்பிலோ, பழைய மில்லிலோ, தாத்தா வீட்டுக் கொல்லையிலோ நான்கு கதவு ஹெரால்டு ஏதாவது கிடந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இடது பக்கம், பின்கதவு. துரு இருந்தாலும் பரவாயில்லை, சட்டம் முழுசாக இருந்தால் போதும்.