பெயர் தொலைத்த சீமாட்டி

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு குட்டி ஓவியம். பவுடர் பூசிய உயரமான கொண்டை, நீல ரிப்பன், கன்னத்தில் லேசான சிவப்பு என்று அதற்குள் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி சிரிக்கிறாள். ஏலத்துக்கு வரும்போது அவளுக்குக் கிடைக்கும் குறிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான்: "பெயர் தெரியாத பெண், சுமார் 1785".

வருடம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை! அதெப்படி? ஃபேஷன்தான் வருடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 1780-களில் பவுடர் போட்ட கூந்தல். 1789 புரட்சிக்குப் பின் சில வருடங்களிலேயே பவுடர் போய், மார்புக்குச் சற்றுக் கீழேயே இடுப்பு வைத்துத் தைத்த வெள்ளை மஸ்லின் உடை வந்துவிட்டது. உடையை வைத்து வருடத்தைச் சொல்லிவிடலாம். முகத்தை வைத்துப் பெயரைச் சொல்ல முடியாதே!

மினியேச்சர் எனப்படும் இந்தக் குட்டி உருவப்படங்கள் 1520-களில் பிரான்ஸ், இங்கிலாந்து அரசவைகளில் தோன்றியவை. முதலில் கன்றுத்தோலில் வரைந்தார்கள். 1700 வாக்கில் வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா என்ற பெண் ஓவியர், யானைத் தந்தத்தின் மெல்லிய சீவலில் வரைய ஆரம்பித்தார். தந்தத்தில் வாட்டர்கலர் எளிதில் ஒட்டாது. அதைத் தேய்த்து, எண்ணெய்ப் பசையைப் போக்கி, மெல்லிய பிரஷ்ஷால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். கஷ்டத்துக்குப் பலன் உண்டு. வண்ணத்தை லேசாக விட்டால், அடியில் இருக்கும் தந்தமே உயிருள்ள தோல் போல ஒளி தரும். பாரிசில் ஸ்வீடன்காரரான பீட்டர் அடால்ஃப் ஹால், பின்னால் ஓகுஸ்தேன், இசபே ஆகியோர் இந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறந்தார்கள்.

இத்தனை பாடும் யாருக்காக? பல சமயம் ஒரே ஒருவருக்காக. 1796-ல் இத்தாலியப் போர்முனையில் நெப்போலியன், அப்போதுதான் மணந்திருந்த ஜோசஃபினின் படத்தைக் கூடவே வைத்திருந்தார். ஒருநாள் அதன் கண்ணாடி உடைந்துவிட்டது. மனிதர் முகம் வெளிறிப் போய், மனைவிக்கு உடம்பு சரியில்லை, இல்லையென்றால் அவள் துரோகம் செய்கிறாள் என்றாராம். கூட இருந்த மார்மோன் தன் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அப்படிக் கையோடு வைத்திருப்பவர் படத்தின் பின்னால் பெயர் எழுதுவாரா என்ன? சொந்த மனைவியின் பெயரை யார் மறப்பார்கள்? மகனுக்கும் தெரியும். பேரனுக்குக் கேட்ட ஞாபகம் இருக்கும். அதற்கடுத்த தலைமுறை விற்கக் கொண்டு போகும்போது அவள் "யாரோ ஒரு பாட்டி". நன்றாகத் தெரிந்தவளாக இருந்ததால்தான் அவள் பெயரை யாரும் எழுதவில்லை.

1839-ல் டாகர் கண்டுபிடித்த போட்டோ முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் மினியேச்சர் தொழில் படுத்துவிட்டது. மலிவான மாற்றுப்பொருள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு காமர்ஸ் பாடப்புத்தகத்தில் சேர்க்கவேண்டிய உதாரணம்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பழைய காலத்து அழகிகளுக்குத் திடீர் கிராக்கி. வரவேற்பறை அலங்காரத்துக்காகப் புதுசாக வரைந்து தள்ளினார்கள். பிரேமுக்குப் பழைய பியானோ கட்டைகளில் இருந்த தந்தத் தகடு. ஓரத்தில் பிரபல ஓவியர் பெயரில் ஒரு கையெழுத்து. மரி அந்துவானெத், ஜோசஃபின் என்று பெயரும் எழுதிவிடுவார்கள். வாங்குபவர் தேடியது பெயரை, விற்பவர் கொடுத்ததும் பெயரைத்தான்.

கடைசியில் எல்லாம் தலைகீழ். ஒருவரும் எதிரே உட்காராமல் வரைந்த படத்துக்கு ராணியின் பெயர் இருக்கிறது. ஓவியர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒருவருடைய சட்டைப் பையில் வருடக்கணக்கில் வாழ்ந்தவளுக்குப் பெயரே இல்லை.

இன்று ஒவ்வொரு போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். ஃபைல் பெயராக இருப்பது வெறும் எண். யார், எங்கே, எப்போது என்பது எடுத்தவருக்குத் தெரியும், அதனால் யாரும் எழுதுவதில்லை. 1785-ல் அந்தப் படத்தை வாங்கியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.