பெரியகுளத்தில் ஒரு மூணு நிமிஷ மீட்டிங்

மே மாசத்தில் ஒருத்தன் பெரியகுளத்துக்குப் போகிறான் என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று மாம்பழம், இன்னொன்று பாஸ்கெட்பால். எனக்கு மூன்றாவதாக ஒரு மாமாவும் உண்டு.

திண்டுக்கல்லில் பஸ் மாறினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வலது பக்கம் கொடைக்கானல் மலை துணைக்கு வந்தது. ரோட்டோரமெல்லாம் மாந்தோப்பு. ஊர் நடுவே வராக நதி. இந்தப் பக்கம் வடகரை, அந்தப் பக்கம் தென்கரை. மற்ற ஊர் டீக்கடைகளில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்கள். இங்கே, ‘‘இன்னிக்கு யார் யாருக்கு மேட்ச்?’’ என்றால் பாஸ்கெட்பால்தான். பல வருஷங்களாக அகில இந்தியப் போட்டி நடத்துகிற ஊராச்சே!

மாமா ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். அன்றைக்கு அவர்தான் ஸ்கோரர்.

‘‘மேட்ச் எட்டு மணிக்குத்தான் மாப்ளே. ஆனா, நீ ஏழேகாலுக்கே வந்துரு.’’

‘‘ஏன் மாமா, டாஸ் போடுவாங்களா?’’

மாமா பார்த்த பார்வையில் கையிலிருந்த மாம்பழமே புளித்துவிட்டது. ‘‘டாஸாம்ல! நடுவட்டத்துல பந்தைத் தூக்கிப் போட்டா ஆட்டம் ஆரம்பம். அதுக்கு முந்தி ஒரு மூணு நிமிஷம் இருக்கு. அதைப் பாரு.’’

ஏழேகாலுக்கு அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். ஆட்டத்துக்கு 40 நிமிஷம் முன்னாலேயே கோச்சுகள் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 பேர். ஒரு காலத்தில் பனியன் நம்பர் 4-லிருந்து 15 வரைதானாம். 2014-ல் விதியைத் தளர்த்தி 0, 00, அப்புறம் 99 வரை அனுமதித்துவிட்டார்கள். 20 நிமிஷம் இருக்கும்போது நடுவர்கள் கோர்ட்டுக்குள் வந்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்தே ராஜ்ஜியம் அவர்களுடையது.

11 நிமிஷம் இருக்கையில் மூத்த நடுவர் இரண்டு கோச்சுகளையும் இரண்டு கேப்டன்களையும் மேஜை பக்கம் கூப்பிட்டார். கை குலுக்கல். பிரசங்கம் எதுவும் இல்லை.

‘‘சந்தேகம் இருந்தா கேப்டன் கேக்கலாம். கடிகாரம் நின்ன பிறகு, மரியாதையா கேக்கணும். கோச், அசிஸ்டென்ட்... ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் நிக்கலாம். மோதிரம், செயின், காப்பு எல்லாம் கழட்டிரச் சொல்லுங்க.’’

ஒரு கேப்டன் நெளிந்தார். ‘‘சார், மோதிரம்... மாமனார் போட்டது. கழல மாட்டேங்குது.’’

‘‘சோப்பு போடுங்க தம்பி. மாமனார் கோவிச்சுக்க மாட்டார்.’’

மாமா என் பக்கம் சாய்ந்தார். ‘‘முகூர்த்தத்துக்கு முந்தி சம்பந்திங்க உக்காந்து பேசுற மாதிரிடா இது. இப்ப ஒழுங்காப் பேசிட்டா, பந்தியில சண்டை வராது.’’

அடுத்தது கையெழுத்து. 10 நிமிஷத்துக்கு முன்னால் கோச்சுகள் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, இறங்கப்போகும் ஐந்து பேரையும் காட்ட வேண்டும். வெளியூர் கோச் ஒருவர் செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பேனாவைப் பிடித்தார். பட்டியலைப் பார்க்கவே இல்லை. நாங்கள் ஆபீஸில் போடுகிற கையெழுத்து மாதிரியே இருந்தது.

நடுவர் தடுத்தார். ‘‘ஒரு நிமிஷம் சார். கேப்டன், உங்க பசங்களை எண்ணிச் சொல்லுங்க.’’

கேப்டன் திரும்பி எண்ணினார். ‘‘பன்னெண்டு சார்.’’

‘‘இதுல பதினொண்ணுதான் இருக்கு.’’

கோச்சின் போன் தோளிலிருந்து நழுவியது. விடுபட்டது 23-ம் நம்பர். கோர்ட் மூலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். பெஞ்சில் பேசிக்கொண்டதிலிருந்து விஷயம் தெரிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு ஆள் பார்க்கும் ஓர் அதிகாரி அன்றைக்கு கேலரியில் இருக்கிறாராம். பையனின் அப்பாவும் கூடவே வந்திருக்கிறாராம்.

‘‘ஆட்டம் ஆரம்பிக்கல. சேத்துக்கலாம்’’ என்றார் நடுவர். மாமா எழுதினார். கோச் இந்தத் தடவை ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

‘‘ஆரம்பிச்ச பிறகு தெரிஞ்சிருந்தா?’’ என்று மாமாவிடம் கிசுகிசுத்தேன்.

‘‘தப்பான நம்பர்னா திருத்தலாம். விட்டுப்போன பேரைச் சேக்க முடியாது. பனியன் போட்டுக்கிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.’’

கடைசி கால் பகுதியில்தான் 23 இறங்கினான். மொத்தம் ஆறு பாயின்ட். அணி தோற்றது. முடிந்ததும் வழக்கம்போல் நடுவர்களிடம் கை குலுக்கிவிட்டு ஓடினான். அவனுக்கு எதுவுமே தெரியாது. வேலை கிடைத்ததா என்று எனக்கும் தெரியாது. ஆடிக் காட்ட ஒரு சான்ஸ் கிடைத்தது, அவ்வளவுதான்.

ராத்திரி வராக நதிப் பாலத்தில் நடக்கும்போது மாமா பேசவில்லை. நானும்தான். ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தினக்கூலி ஆட்களின் பட்டியல் ஒன்று என் மேஜைக்கு வந்திருந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த ஃபைலைத் திரும்ப வாங்கி எண்ணினேன்.

இரண்டு பேர் குறைந்தார்கள்.