தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு டேப்லெட்

கும்பகோணத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிர்வாடையில் இருக்கிறது அந்த டிடிபி கடை. காலை ஒன்பதரைக்கு ஷட்டர் மேலேறும்போதே வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஐந்தாவது ஆள் நான். தோள்பையில் பதினோரு அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட், அதோடு ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு, பென் டிரைவ் செருக ஓர் ஓடிஜி கேபிள்.

நான் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இரண்டு 'சிஸ்டம்' உண்டு. (கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டர் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.) அதில் ஒன்று விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், இன்டெல் புராசசரில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது அவர்கள் விதி. கடையில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. ஓடிக்கொண்டிருக்கிற மாட்டுக்கு வயசாகிவிட்டது என்று யாரோ தூரத்திலிருந்து சொன்ன மாதிரி. "புதுசுக்குப் பதிலா நீங்க வச்சிருக்கிற மாதிரி ஒரு டேப் வாங்கிப் போட்டா என்ன சார்?" என்றார் கடைக்காரர். வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்ததிலிருந்து கட்டுரை, மெயில், பேங்க் எல்லாம் டேப்லெட்டிலேயே நடக்கிறது என்று அவரிடம் பெருமை அடித்தவன் நான்தான். "ஒரு நாள் கடையில வந்து உட்காருங்க. ஓடுதான்னு பார்த்துடலாம்."

2017-இல் ஆப்பிள் ஒரு விளம்பரம் எடுத்தது. நாள் முழுக்க ஐபேடும் கையுமாகத் திரியும் ஒரு சிறுமியிடம், கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாய் என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்கிறார். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்கிறது அந்தப் பெண். அதைப் பார்த்தபோது எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்தச் சிறுமிக்கு ஒரே ஒரு காகிதத்தைக்கூட பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்தது கல்லூரி மாணவன். உதவித்தொகை விண்ணப்பம். இதில் டேப்லெட் நின்று விளையாடியது. சான்றிதழ்களை மேசையில் பரப்பி கேமராவில் பிடித்து, ஓரம் வெட்டி, பிடிஎஃப் ஆக்கினேன். ஸ்கேனர் மூடியைத் தூக்கி இறக்குகிற வேலையே இல்லை. போட்டோவை 50 கேபிக்குள் சுருக்குவதும் நிமிட வேலை. தளம் போன் வடிவத்தில் திறந்து பாதிப் பெட்டிகளை மறைத்தது. 'டெஸ்க்டாப் சைட்' என்று மாற்றியதும் வழிக்கு வந்தது. பிறந்த தேதிக் காலண்டர் மட்டும் விரலுக்கு அடங்காமல் இரண்டு முறை தப்பான வருஷத்தில் போய் நின்றது.

ஒப்புகைச் சீட்டு வேண்டும் என்றான் பையன். கடை பிரிண்டருக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். லேசர் பிரிண்டர், உழைப்பாளி, வைஃபை கிடையாது. ஓடிஜி வழியாகச் செருகிப் பார்த்தேன். டேப்லெட் அதை யாரென்றே கேட்கவில்லை. கடைசியில் ஃபைலை வாட்ஸ்அப்பில் கடை நம்பருக்கு அனுப்பி, பக்கத்து சிஸ்டத்தில் திறந்து, அங்கிருந்து பிரிண்ட் கொடுத்தோம். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார். புது வைஃபை பிரிண்டர் வாங்கினால் இது தீரும் என்றேன். மறுபடி சிரித்தார். அந்தக் காசையும் டேப்லெட் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

பதினொன்றரைக்கு ஒரு பாட்டி. கணவர் பேரிலிருக்கும் நிலத்துக்குப் பட்டா மாறுதல். மனு எழுத வேண்டும். தமிழில் குரல் தட்டச்சைக் கூகுள் 2017-இல் கொண்டுவந்தது. நான் நிறைய நம்பியிருந்த ஆயுதம் அது. "பாட்டி, நீங்க சொல்லுங்க, இதுவே எழுதிக்கும்" என்று டேப்லெட்டை நீட்டினேன். பாட்டி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். திரையில் எழுத்து ஓடியதும் கடையிலிருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் வந்தது மனு அல்ல, கதை. கணவர் எப்போது இறந்தார், கொழுந்தன் என்ன சொன்னான், விஏஓ எத்தனை தடவை அலைய விட்டார், எல்லாம் பேச்சுத் தமிழில், முற்றுப்புள்ளி இல்லாமல். ஊர்ப் பெயர் வேறு ஏதோ சொல்லாக விழுந்தது. புல எண்ணின் சாய்கோடு 'பை' என்று எழுத்தாகவே வந்தது.

பக்கத்து நாற்காலியில் தட்டச்சு செய்யும் அக்கா (கடைக்காரரில் தொடங்கி வாடிக்கையாளர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான்) அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டியிடம் மூன்றே கேள்வி: இறப்புச் சான்று இருக்கா, வாரிசுச் சான்று வாங்கிட்டீங்களா, பழைய பட்டா நம்பர் என்ன. பிறகு விரல்கள் கீபோர்டில் இறங்கின. 'அனுப்புநர்' தொடங்கி 'இப்படிக்கு' வரை ஒரு பக்கம், நான் டீ குடித்து முடிப்பதற்குள். தட்டச்சு நிலையத்தில் 'யளனக'வில் ஆரம்பித்து ஹையர் வரை தேறிய கை. அந்தக் கை நம்பியிருப்பது பழைய டைப்ரைட்டர் வரிசையை. என் டேப்லெட்டின் கீபோர்டில் அந்த வரிசையை அமைக்க அரைமணி நேரம் மல்லாடினேன். இங்கிலீஷ் வந்தது, திரையில் தொட்டால் தமிழும் வந்தது, அக்காவின் வரிசை வரவே இல்லை. அவரும் சும்மா நாலு வரி திரையில் தட்டிப் பார்த்தார். "கண்ணு கீழயே போகுதே" என்று நகர்த்தி வைத்துவிட்டார். இருபது வருஷமாகக் கீபோர்டைப் பார்க்காமல் அடித்தவர்.

அன்று தேதி 19. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய மறுநாள் கடைசி. பக்கத்து மாடியிலிருக்கும் ஆடிட்டர் ஆபீசில் நெட் போய்விட்டது. அங்கிருந்து ஓடி வந்த பையன் கையில் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பென் டிரைவ் மாதிரி. தனியாள் வியாபாரம் என்றால் ஓடிபி போதும், டேப்லெட்டிலேயே முடித்துவிடலாம். அவன் கொண்டுவந்தது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி கணக்கு. அதற்கு இந்தக் கையொப்பம் கட்டாயம். என் ஓடிஜியில் செருகினோம். டோக்கனில் நீல விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். அதன் டிரைவர் விண்டோசுக்கு எழுதியது. கணக்கெல்லாம் இருக்கும் டேலியும் அப்படியே. டேப்லெட்டின் புராசசர் அந்த ஐ3-ஐவிட வேகமாகவே இருக்கலாம். இங்கே வேகத்தை யாரும் கேட்கவில்லை. பையன் என்னைப் பொருட்படுத்தாமல் ஐ3 முன்னால் உட்கார்ந்து ஏழு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு போனான்.

ஒரு மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. கடைக்காரர் ஓடிப்போய் இரண்டு சிஸ்டத்தையும் மூடினார். ஜெராக்ஸ் மெஷின் பாதித் தாளைக் கவ்வியபடி நின்றது. என் டேப்லெட் போனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொண்டு எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேருக்குச் சிட்டா எடுத்துக் கொடுத்தேன், ஒருவருக்கு ஆதார் பிடிஎஃப். தாளாக வேண்டாம், வாட்ஸ்அப்பில் போதும் என்றவர்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் கடையில் வேலை செய்த ஒரே ஆள் நான்தான் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது காத்திருந்தவர்களில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியையும் இருந்தார். பையில் அரசு கொடுத்த கைக்கணினி. வகுப்பில் வீடியோ காட்டுகிறார், பிள்ளைகளின் மதிப்பீட்டைப் பதிகிறார், மரத்தடியில் உட்கார்ந்துகூட வேலை ஆகிறது. "ரொம்ப உபயோகம் சார்." பிறகு ஏன் இங்கே? மாதாந்திர அறிக்கை எக்செல்லில், பதினாறு 'காலம்' (நெடுவரிசை). "அதுல நிரப்பினா ஒரு காலம் பார்க்கும்போது இன்னொண்ணு ஓடிப்போயிடுது." 2025 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று தமிழக அரசு அறிவித்தபோது, அந்த 'அல்லது' எனக்குச் சின்னச் சொல்லாகத்தான் தெரிந்தது. அந்தப் பதினாறு காலத்தைப் பார்த்த பிறகு அப்படித் தெரியவில்லை. நான் மாணவனாக இருந்தால் மடிக்கணினியைத்தான் கேட்டிருப்பேன்.

நான்கு மணிக்கு ஒரு குடும்பம். மகள் கல்யாணப் பத்திரிகை. மூத்தவன் கல்யாணத்துக்கு 2009-இல் இங்கேயே அடித்த பத்திரிகையின் வாசகமே வேண்டுமாம். ஃபைலின் வேர்டு நகல் பென் டிரைவில் இருந்தது. டேப்லெட்டில் திறந்தேன். பாமினி எழுத்துரு. தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுக்க அப்படியே. எழுத்துரு இல்லாவிட்டால் பாமினியில் அடித்த தமிழ் வெறும் இங்கிலீஷ் குப்பை. அரசாங்கம் யூனிகோடுக்கு ஆணை போட்டது 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஜூன் மாதத்தில். அதற்கு முன்னும் பின்னும் இந்த மாதிரிக் கடைகளில் சேர்ந்த ஃபைல்களை யாரும் மாற்றவில்லை. மாற்ற யார் காசு கொடுப்பார்கள்? அக்கா தன் பழைய சிஸ்டத்தில் பேஜ்மேக்கரைத் திறந்தார். 7.0, வெளிவந்தது 2001-இல், அதற்குப் பிறகு பெரிய பதிப்பே இல்லை. யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கேள்விக்குறிகளாகத் துப்பும். ஆனால் பாமினி அதில் முத்து முத்தாக நின்றது.

பெயர்களை மாற்றி, தேதி போட்டு, அரைமணியில் பத்திரிகை தயார். இனி திருத்தம் பார்க்க வேண்டும். வழக்கமாக மூன்று பேர் கவுண்டர் மேல் சாய்ந்து, கழுத்தை வளைத்து மானிட்டரைப் பார்ப்பார்களாம். அக்காவுக்குத் தோளை அசைக்க இடமிருக்காது. நான் பிடிஎஃப்பை டேப்லெட்டில் வாங்கி அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் விரலால் விரித்துப் பெரிதாக்கினார். தாய்மாமன் பேருக்கு முன்னால் இனிஷியல் விட்டிருப்பது உடனே சிக்கியது. பெரிய மகன் வாங்கிப் பார்த்து முகூர்த்த நேரத்தை ஒப்பிட்டான். பெஞ்சில் அது கைமாறிக்கொண்டே போனது. அக்கா தன் மானிட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி, இனிஷியலைச் சேர்த்தார்.

கடைக்காரர் என் பக்கம் குனிந்தார். "எட்டாவது ஜெனரேஷன் செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன் சார். ஆனா இந்த மாதிரி, சின்னதா, விலை கம்மியா ஒண்ணு கிடைக்குமா? இதுக்கு மட்டும்."

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். "எங்க மாமனார் கார்லயே உட்கார்ந்திருக்கார், கால் வலி. அவர் பேரு இருக்குற இடத்தை ஒரு தடவை காட்டிட்டு வந்துடட்டுமா?"

டேப்லெட் படியிறங்கித் தெருவைக் கடந்து போனது. கையில் வேலை எதுவுமில்லாமல் நான் அக்காவின் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.